ஆளி விதை ரொட்டி ஏன் களியாகிப் போகிறது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலையில் டீயோடு இரண்டு துண்டு ரொட்டி தின்றே பழகியவர், விட முடியவில்லை. அதனால் இவர் ஆளி விதைப் பொடி (ஃபிளாக்ஸ் சீட் என்பார்களே, அது) 2 கப், முட்டை 5, பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் அரைக் கப், எண்ணெய் கப்பில் மூன்றில் ஒரு பங்கு, உப்பு என்று ஒரு அளவைப் பிடித்து, கேக் டின்னில் ஊற்றி, ஓடிஜி என்கிற சின்ன கரண்ட் அடுப்பில் அரை மணி நேரம் சுட்டிருக்கிறார். மூன்று முறையும் ஒரே கதை. உள்ளே இருக்கும்போது பொங்கி நிற்கிறது, வெளியே எடுத்துக் கால் மணி நேரத்தில் நடுவில் குழி விழுகிறது. அறுத்தால் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கடைசியாகச் சுட்டது கசக்கவும் செய்தது. "எதை மாத்தோணும்னு சொல்லுங்கண்ணா" என்கிறார்.

திருப்பூரில் 20 வருடத்துக்கு மேல் பேக்கரி வைத்திருந்தவன் நான். பன்னும் ரஸ்க்கும் போட்டே பிழைத்தவனிடம் டாக்டர் ரொட்டியைக் குறை என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் நானும் இந்த விதைக்கு வந்து சேர்ந்தேன். வந்ததும் செய்த முதல் தப்பு, கோதுமை மாவைப் பிசைவது போல இதையும் போட்டுப் பிசைந்ததுதான். டின்னிலிருந்து எடுத்த சூட்டிலேயே ஆசையாக அறுத்தேன். கத்தியை இழுத்தால் வெண்டைக்காய் நறுக்கின மாதிரி நூல் கூடவே வந்தது. பக்கத்தில் நின்ற அம்மா ஒரு விள்ளலை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, "இதென்ன சாமி, ராகிக் களியாட்டம் இருக்குது? கொஞ்சம் கீரை கடைஞ்சு ஊத்தட்டுமா?" என்று கேட்டது. கேலிதான், ஆனாலும் யோசித்துப் பார்த்தால் சரியாகச் சொன்னது அதுதான். இது ரொட்டி சாதியே இல்லை, களி சாதி. களி கிண்டத் தெரிந்தவருக்குத் தண்ணீர்க் கணக்கும் வேகும் நேரமும்தான் முக்கியம் என்று தெரியும். இதுவும் அப்படியே.

கோதுமை மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரதம் ரப்பர் மாதிரி வலையாகும். ஈஸ்ட் விடும் காற்றை அந்த வலை பிடித்து வைத்துக்கொள்ளும். ஆளி விதையில் அந்த வலை கிடையாது. அதன் தோலில் இருப்பது கொழகொழப்பான பசை. தண்ணீர் பட்டதும் சப்ஜா விதை மாதிரி ஊறி வழவழப்பாகும். இந்தப் பசை காற்றைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், ஆனால் சூட்டில் இறுகி நிற்காது. இறுகி நிற்க வைப்பது முட்டைதான். ஆக, பேக்கிங் பவுடர் பொங்க வைக்கும், பசை தாங்கிப் பிடிக்கும், அதற்குள் முட்டை வெந்து சுவராகிவிட வேண்டும். நடுப்பகுதியில் முட்டை வேகும் முன் வெளியே எடுத்தாலோ, தண்ணீர் கூடிப்போனாலோ, பொங்கினது எல்லாம் உட்கார்ந்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

முதலில் பாத்திரம். நீங்கள் எழுதியிருக்கும் அளவு, தட்டையான ட்ரேயில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பிச் சுடுகிற ரொட்டிக்கு உரியது. அப்படிச் சுட்டால் 20, 25 நிமிடத்தில் வெந்துவிடும், குழியும் விழாது. அதையே கேக் டின்னில் ஆழமாக ஊற்றினால் ஓரம் வெந்து நிற்கும், நடு அப்படியே கிடக்கும். அடுத்த முறை வேறு எதையும் மாற்றாமல், பிஸ்கட் சுடும் தட்டில் பட்டர் பேப்பர் போட்டு, அதே மாவைப் பரப்பிச் சுட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதோடு முடியும். சதுரமாக வெட்டிக் குறுக்கே பிளந்தால் டீக்கும் ஆகும், உள்ளே முட்டைப் பொரியல் வைத்துத் தின்னவும் ஆகும்.

இல்லை, கடை பிரெட் மாதிரி துண்டு போட்டால்தான் அவருக்குத் திருப்தி என்றால் அளவையே மாற்ற வேண்டும். எனக்கு ஒத்துவந்த அளவு இது. ஆளி விதைப் பொடி 150 கிராம், பாதாம் பொடி 50 கிராம், இசப்கோல் உமி (மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலந்து குடிப்பார்களே, அது) 15 கிராம், பேக்கிங் பவுடர் 10 கிராம், உப்பு 5 கிராம். இவற்றைச் சலித்துக் கலந்துகொள்ள வேண்டும். முட்டை ஓடு நீக்கி 190 கிராம், எண்ணெய் 30 கிராம், வினிகர் இரண்டு டீஸ்பூன். இதை நுரை வர அடித்து, பொடியில் ஊற்றிக் கலந்து, கடைசியில் கை பொறுக்கும் சூட்டில் 120 மில்லி தண்ணீர் விட வேண்டும். ஐந்து நிமிடம் விட்டால் மாவு இறுகி, கரண்டியில் எடுத்தால் இட்லி மாவு மாதிரி வழியாமல், வடை மாவு மாதிரி தொப்பென்று விழும். அதுதான் பதம். சின்ன நீள டின்னில் போட்டு, மேலே தண்ணீர் தொட்ட கையால் தடவிவிட்டு, 170 டிகிரியில் ஒரு மணி நேரம்.

ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்தான். மாவைக் கலந்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சுட்டால், பவுடரின் முதல் பொங்கல் வீணாகப் போயிருக்கும், பசையும் கல்லாக இறுகியிருக்கும். அடுப்பு முன்கூட்டியே சூடாக இருக்கட்டும்.

கப் கணக்கை விட்டுவிடுங்கள் என்பதைத் தனியாகவே சொல்ல வேண்டும். இந்தச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே கப் என்றால் சுமார் 240 மில்லி. நம் வீட்டில் கப் என்பது டீ டம்ளரா, அரிசி அளக்கும் டம்ளரா என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதோடு ஆளி விதைப் பொடி பஞ்சு மாதிரி. லேசாகக் கொட்டினால் ஒரு கப் 100 கிராம், அமுக்கினால் 30 கிராம் கூட ஏறிவிடும். முட்டைக்கும் இதே கதை. அவர்கள் பெரிய முட்டை என்று எழுதினால் ஓடு நீக்கி 50 கிராம். நமக்கு நாமக்கல்லில் இருந்து வரும் முட்டை பெரும்பாலும் ஓட்டோடு சேர்த்தே 50 முதல் 55 கிராம். உடைத்து ஊற்றினால் 45 சுற்றித்தான் நிற்கும். ஐந்து முட்டையில் 25 கிராம் குறைந்தால் அரை முட்டைச் சுவர் இல்லாமல் போகிறது. நாட்டுக்கோழி முட்டை போட்டால் இன்னும் மோசம், அது அளவில் சின்னது. ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். கேக், ரொட்டி எதற்குமே அதுதான் முதல் பாத்திரம்.

இப்போது வெந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது. இங்கேதான் பேக்கரிக்காரனான நானே ஏமாந்தேன். கோதுமை ரொட்டி பொன்னிறமானால் எடுக்கலாம். இந்த மாவோ பச்சையாக இருக்கும்போதே பழுப்பு, அதனால் நிறத்தை நம்ப முடியாது. குச்சி விட்டுப் பார்ப்பதும் அரைகுறைதான். வெந்த ரொட்டியிலும் பசை கொஞ்சம் ஒட்டும், வேகாததிலும் ஒட்டும். உணவுக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்துங்கள். 95 டிகிரி தாண்டியிருக்க வேண்டும், நான் 97 வரை விடுவேன். அது இல்லாவிட்டால் தராசு போதும். டின்னோடு மாவை எடை போட்டுக் குறித்து வையுங்கள். மேலே சொன்ன அளவில் மாவு மட்டும் 580 கிராம் வரும். சுட்ட பிறகு அது 515க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் தண்ணீர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, பத்து நிமிடம் திரும்ப வையுங்கள். மூன்றாவது வழி காது. ரொட்டியைக் காதருகே பிடித்தால் சிறுசிறுவென்று கொதிக்கிற சத்தம் பலமாகக் கேட்டால் எடுக்காதீர்கள். மெல்லிசாக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் சரி.

ஓடிஜியின் திருகில் 170 என்று எழுதியிருப்பதாலேயே உள்ளே 170 இருக்காது. 20, 30 டிகிரி கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். உள்ளே வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று தொங்கவிட்டால் உங்கள் அடுப்பின் குணம் தெரிந்துவிடும். மேல் கம்பி ரொம்பப் பக்கத்தில் இருந்து தலை கருகினால், முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு மேலே ஃபாயில் தாளை மூடுங்கள். முதல் 40 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள்.

எடுத்ததும் அறுக்காதீர்கள். டின்னிலிருந்து கவிழ்த்துக் கம்பி வலை மேல் வையுங்கள், அடியில் காற்றுப் போக வேண்டும். வட்டலில் வைத்தால் அடி வியர்த்து மறுபடி ஈரமாகும். முழுசாக ஆற இரண்டு மணி நேரம். அந்தப் பசை ஆற ஆறத்தான் கெட்டிப்படும். ராத்திரி சுட்டுக் காலையில் அறுத்தால் ரொம்ப நன்றாக இருக்கும்.

கசப்புக்கு வருவோம். இதில் இரண்டு சந்தேகம் எனக்கு. முதலாவது, பொடியாகவே வாங்கியிருப்பீர்கள். இந்த விதையில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் எண்ணெய். அதுவும் ஒமேகா-3 வகை அதிகம், காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும் எண்ணெய். முழு விதையாக இருக்கும்வரை தோல் காப்பாற்றும். பொடித்துவிட்டால் நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே சிக்கு வாடை வர ஆரம்பிக்கும். கிரிக்கெட் மட்டைக்குத் தடவுகிற லின்சீட் ஆயில் இதே விதையின் எண்ணெய்தான். பொடியை முகர்ந்தால் அந்த மட்டை வாசம், புதுப் பெயிண்ட் அடித்த வீட்டு வாசம் வந்தால் தூக்கிப் போடுங்கள். சுட்டால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், கூடத்தான் செய்யும். நான் ஒருமுறை ஒரு கடையில் கிலோ கணக்கில் சலுகை விலைக்குக் கிடைத்தது என்று பொடி வாங்கி வந்து, மூன்று ரொட்டியைக் குப்பையில் போட்டேன். முழு விதையாக வாங்கி, வேண்டியபோது அரைப்பதே நல்லது.

அரைப்பதிலும் சூட்சுமம் உண்டு. மிக்சியை ஒரே மூச்சில் ஓட்டினால் ஜார் சூடேறி, எண்ணெய் பிரிந்து, எள்ளுருண்டை பதத்துக்கு வந்துவிடும். விதையை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, சின்ன ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், விட்டு விட்டு ஓட்டிச் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடையில் நின்றதை மறுபடி ஒரு ஓட்டு. ரவை மாதிரி கரடாக இருந்தால் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது, ரொட்டி உதிரும். பொடிக்கு வறுப்பது போல இதையும் வாசம் வர வறுத்துவிட்டு அரைக்கிறவர்கள் உண்டு. சாதத்துக்குப் போட்டுக்கொள்ளும் பொடிக்கு அது சரி. ரொட்டி எப்படியும் ஒரு மணி நேரம் வேகப் போகிறது, முன்கூட்டியே வறுத்தால் கசப்பின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்த மாதிரி.

இரண்டாவது சந்தேகம், விதையே மாறியிருக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை என்று கேட்டால் சிலர் ஹலீம் விதையை எடுத்துக் கொடுப்பார்கள், ஏனென்றால் அதற்கும் தமிழில் ஆளி விதை என்ற பெயர் உண்டு. பிரசவித்தவர்களுக்கு உருண்டை பிடித்துக் கொடுப்பார்களே, அந்தச் சிவப்பு விதை. நமக்கு வேண்டியது தட்டையாக, பளபளவென்று, ஒரு முனை கூராக, எள்ளைவிடப் பெரிதாக இருக்கும் பழுப்பு விதை. வடக்கத்திய கடைகளில் அல்சி என்பார்கள். ஹலீம் அதைவிடச் சின்னது, செங்கல் நிறம், ஒல்லி. வாயில் மென்றால் முள்ளங்கி மாதிரி, கடுகு மாதிரி சுருக்கென்று காரம் ஏறும். அதை 2 கப் போட்டு ரொட்டி சுட்டால் கசப்போடு நிற்காது, கொழகொழப்பும் எல்லை மீறிப் போகும்.

பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி தலை தட்டாமல் போட்டிருந்தால் அதுவும் சோப்பு மாதிரி ஒரு கசப்பைக் கொடுக்கும். பொங்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் போடுகிற பழக்கம் எல்லோருக்கும் வரும். அளவுக்கு மீறிப் பொங்கினது அதே வேகத்தில் விழும். பவுடர் பழசா என்று தெரியவேண்டுமானால் வெந்நீரில் அரை ஸ்பூன் போடுங்கள், உடனே நுரைத்து எழும்ப வேண்டும்.

இசப்கோல் மருந்துக்கடையில் வாங்கும்போது ஆரஞ்சு வாசனை போட்ட டப்பாவைக் கொடுத்துவிடுவார்கள். அதில் சர்க்கரையும் சேர்த்த வகைகள் உண்டு, வெறும் உமி என்று கேட்டு வாங்குங்கள். சில உமியைப் போட்டால் ரொட்டி ஊதா நிறத்துக்கு மாறும், கெட்டது ஒன்றுமில்லை. வேறு கம்பெனி உமியைப் போட்டால் சரியாகும். இதே மாதிரி சூரியகாந்திப் பருப்பைச் சோடாவோடு சேர்த்துச் சுட்டால் உள்ளே பச்சையாகும். முதல்முறை பார்த்தபோது பூஞ்சணம் என்று நினைத்து நானே பயந்தேன். உமி கூடிப்போனால் வேறொரு வினை: மேல்தோல் வளைந்து கூரை மாதிரி நிற்கும், அடியில் பெரிய பொந்து, கீழே களி. தண்ணீரோடு உமியையும் குறைக்க வேண்டும்.

முட்டை வாசம் அடிக்கிறது என்பார்கள் சிலர். வினிகரும் ஒரு ஸ்பூன் சீரகமோ ஓமமோ போட்டால் அடங்கும். எண்ணெயில் செக்குக் கடலை எண்ணெய் நன்றாக இருக்கும். நல்லெண்ணெய் வாசம் தூக்கும். தேங்காய் எண்ணெய் ருசிதான், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்ததும் ரொட்டி விறைத்துவிடும்.

பாதாம் விலை கட்டுப்படியாகாதவர்கள் வறுத்த கடலைக்காய்ப் பருப்பைப் பொடித்துப் போடலாம், கடலை மிட்டாய் வாசம் கொஞ்சம் இருக்கும். தேங்காய் மாவு போடலாமா என்று பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் இருப்பவர்கள் கேட்காமல் இருக்கமாட்டார்கள். கொப்பரையைப் பொடித்தால் அது மாவு ஆகாது, எண்ணெய்தான் கக்கும். தேங்காய்ப் பால் எடுத்த சக்கையை வெயிலில் முறுகக் காயவைத்து அரைத்துச் சலித்தால் நல்ல மாவு. ஆனால் அது தண்ணீரைக் குடிக்கும் குடிக்கு அளவில்லை. 50 கிராம் பாதாமுக்குப் பதில் 20 கிராம் போதும். ஈஸ்ட் பற்றிச் சுருக்கமாக: குளூட்டன் வலை இல்லாத மாவில் ஈஸ்ட் போட்டால் வாசம் வரும், உயரம் அவ்வளவாக வராது.

சர்க்கரைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்காரருக்காகத்தானே இவ்வளவும். ஆளி விதையில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 29 கிராம் இருந்தாலும், அதில் 27 கிராம் நார்தான். மேலே சொன்ன ரொட்டியை 12 துண்டு போட்டால், நாரைக் கழித்து ஒரு துண்டுக்குச் சுமார் ஒரு கிராம் மாவுச்சத்து. கடை ரொட்டித் துண்டில் 12 முதல் 15 கிராம். ஆனால் கலோரி இதில் 135 பக்கம் வரும், கடைத் துண்டில் அதில் பாதிதான். சர்க்கரை ஏறாது என்று ஆறு துண்டு தின்றால் எடை ஏறும். நார் இவ்வளவு இருப்பதால் முதல் வாரம் ஒரு துண்டில் தொடங்கட்டும், தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும், இல்லாவிட்டால் வயிறு கட்டிக்கொள்ளும். மாத்திரையையும் இந்த ரொட்டியையும் ஒரே நேரத்தில் சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் தள்ளிக்கொள்வது நல்லது, பசை மருந்தையும் பிடித்து வைக்கும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டே ஆரம்பிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரும் அப்படியே.

வைத்திருப்பது எளிது. வெளியில் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம், ஈரம் அதிகமாதலால் ஈரோட்டு வெயிலுக்கு இரண்டாம் நாளே பூஞ்சணம் தட்டும். ஃபிரிட்ஜில் ஐந்து நாள். முழுதாகத் துண்டு போட்டு, இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃபிரீசரில் போட்டால் ஒரு மாதம். வேண்டிய துண்டை எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போட்டு, சின்னத் தீயில் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று வாட்டுங்கள். வாட்டாமல் கொடுத்தால் கடை ரொட்டி நினைப்பில் இருப்பவர் முகம் சுளிப்பார்.

இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் அந்த மூன்றாவது ரொட்டி கசப்பதால் அதைக் காப்பாற்ற முடியாது. கசக்காமல் வெறுமனே களியாகிப் போனது என்றால் தூக்கிப் போட வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்து, அரை விரல் கனத்துக்கு அறுத்து, 120 டிகிரியில் ஒரு பக்கம் அரை மணி, திருப்பிப் போட்டு இன்னொரு அரை மணி. பேக்கரியில் மிஞ்சின பன்னை நாங்கள் ரஸ்க் ஆக்குவதும் இப்படித்தான்.